பொருள்: படம் எடுத்தவருக்குக் காசு போய்ச் சேரும் இணையத் தளத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களே,

எங்கள் பள்ளித் திரைப்படக் கழகத்தின் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திருட்டுப் பிரதி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, எங்கே பார்ப்பது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் தளத்தில் ஒரு படத்துக்கு 75 ரூபாய் வைத்தார்கள்; அதில் பாதி, படத்தைக் கொடுத்தவருக்கு. அமெரிக்காவில் மீன்ஸ் டிவி, வேலை செய்பவர்களே உரிமையாளர்கள். நூலகம் பணம் கட்ட, உறுப்பினர் இலவசமாகப் பார்ப்பது கனோபி. உரிமைக்காலம் முடிந்த படங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘அறம்சார் சுயாதீன ஓடைத்தளம்’ என்று எழுதினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை வாயில் நுழையவில்லை.

— கொழிஞ்சாம்பாறை

டீச்சர், ஸ்ட்ரீமிங் என்பதற்கு ‘ஓடை’ வேண்டாம். வலைப்பதிவுக் காலத்திலேயே அதைச் செய்தியோடைக்கு (RSS feed) கொடுத்துவிட்டோம். ‘தாரை’யும் வேண்டாம், தாரை வார்த்தல் என்றால் உரிமையை விட்டுக் கொடுப்பது, இங்கே நேர்மாறு. ‘திரை’ போதும். ‘சுயாதீனம்’ வடசொல். ‘தற்சார்புத் திரை’ எனலாம்.

— செங்கோட்டை

ஐயா, தற்சார்பு பொருந்தாது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு வாங்கித்தான் 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார்கள். அது யாரையும் சாராத படமா? பார்ப்பவரைச் சார்ந்த படம். தயாரிப்பாளரை மட்டும்தான் சாரவில்லை. எங்கள் சித்தூர்ப் பக்கம் பால் சொசைட்டியில் ஊற்றுகிறவருக்குத் தன் பங்கு எவ்வளவு என்று தெரியும். அதுபோலத் தெரிய வேண்டும் என்பதுதானே கேள்வி? ‘பங்குத்திரை’ என் பரிந்துரை.

— பாலக்காடு

‘பங்கு’ நல்ல வேர். பட்டினப்பாலை வணிகரை ‘நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது. நுகத்தின் நடு ஆணிதான் பகல். பகு, பகல், பகுதி, பங்கு எல்லாம் ஒரே குடும்பம் என்பேன். அடுத்து வரும் ‘கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’ என்ற அடி இந்தத் தளங்களுக்கே எழுதியதுபோல இருக்கிறது. அதனால் ‘பகல்திரை’.

— செங்கோட்டை

ஐயா, மன்னிக்கவும். பகல் காட்சி என்றே படிப்பார்கள். பங்கு என்றால் பங்குச்சந்தை. ‘நேர்த்திரை’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன். மலையாளத்தில் நேர் என்றால் உண்மை, நம் நேர்மையும் அதில் இருக்கிறது.

— குமுளி

எங்கள் பக்கம் அது ஆகாதுங்க. தெலுங்கில் ‘நேரம்’ என்றால் குற்றம். நகரியில் பாதிப் பிள்ளைகள் இரண்டு மொழியும் பேசுகிறவர்கள், காது அங்கேதான் போகும். தமிழில் கேட்டாலும் நேரலை என்று நினைப்பார்கள்.

— நகரி

அப்படியானால் ‘நெறித்திரை’. கேரளத்தில் ‘நெறிகேடு’ தினமும் காதில் விழுகிற சொல். எங்கள் பிள்ளைகள் விளக்கம் கேட்கவே மாட்டார்கள். சங்கச் சொல்லும்கூட.

— கொழிஞ்சாம்பாறை

எங்கள் ஊரில் நெறி கட்டியிருக்கிறது என்றால் தொடையிடுக்கில் வீக்கம். கணினியிலோ ‘நெறிமுறை’ புரோட்டோகாலுக்குப் போய்விட்டது. ஆனாலும் பகல்திரையை விட இது தேவலாம்.

— நகரி

நெறித்திரைக்கு என் ஆதரவும். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்: இந்தியச் சட்டப்படி படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964இல் வந்த படம் 2025 முதல் பொதுச்சொத்து. அங்கே பங்கு கொடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் அது நெறியான வழிதான். பங்குத்திரை என்ற சொல் இதைத் தாங்காது.

— குமுளி

தாங்காவிட்டாலும் பரவாயில்லை. நெறி என்று சொன்னதும் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. எந்தப் பெரிய நிறுவனமும் தன்னை நெறித்திரை என்று அழைத்துக்கொள்ளலாம். பங்குத்திரை என்றால் கணக்குக் காட்ட வேண்டும். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை.

— பாலக்காடு

சரி, நெறித்திரை என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு தளத்தின் பெயருக்குக் கீழும் ‘படம் எடுத்தவருக்குப் பங்கு’ என்று தனி வரி வைத்திருக்கிறேன். விவரம் கிடைக்காத இடத்தில் வரி காலியாகவே போகும், பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். ‘சுயாதீனம்’ மட்டும் கையேட்டில் அப்படியே நிற்கிறது, செங்கோட்டை ஐயா. வியாழன் மாலைக்குள் வேறு சொல் வந்தால் மாற்றுகிறேன்.

— கொழிஞ்சாம்பாறை