புகாரோடு திரும்பி வரும் மருத்துவக் கருவிகளை ஆராயும் வேலை: சேரலாமா?

அருண்_பயோமெட்:
வணக்கம். பயோமெடிக்கல் படித்துவிட்டு மருத்துவமனையில் கருவிப் பராமரிப்பில் இருக்கிறேன். பலூன் கதீட்டர் (அடைபட்ட ரத்தக்குழாய்க்குள் செலுத்தி, நுனியில் உள்ள பலூனை ஊதி விரிக்கும் மெல்லிய குழாய்) தயாரிக்கும் கம்பெனியில், புகாரோடு திரும்பி வரும் பொருள்களை ஆராயும் லேபில் வேலை கிடைத்திருக்கிறது. ரத்தம் பட்டதைத் தொட வேண்டுமே என்று அம்மா பயப்படுகிறார். எனக்கோ, தன் பொருளில் குறை இருந்தால் கம்பெனி அதை எழுத விடுமா என்ற சந்தேகம். உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

செல்வி:
நானும் இதே வேலைதான் தம்பி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுசாகப் போட்டு, ஆன்டிபாடி டெஸ்டும் பார்த்துவிடுங்கள். காய்ந்த ரத்தத்திலும் அந்த வைரஸ் 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் பையைத் திறக்கவே கூடாது.

அதற்காக வந்ததும் கழுவிவிடாதீர்கள், தடயம் போய்விடும். முதலில் படம், லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்), பிறகுதான் கிருமிநீக்கம். அதற்கும் ஆட்டோகிளேவ் (சூடான நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வேண்டாம், அந்தச் சூட்டில் பலூன் சுருங்கிவிடும்.

புகாரில் 'பலூன் வெடித்தது' என்று ஒரு வரிதான் இருக்கும். மீதியை மைக்ரோஸ்கோப் சொல்ல வேண்டும். நீளவாக்கில் கிழிந்து, கிழிசல் தொடங்கிய இடத்தில் வெளிப்புறம் கீறல் இருந்தால், ரத்தக்குழாயில் படிந்த கால்சியமோ, குழாயைத் திறந்து வைக்கப் பொருத்திய ஸ்டென்ட் என்ற வலைக்குழாயின் கம்பியோ உரசியிருக்கலாம். பலூன் சுவருக்குள்ளேயே துகளோ குமிழியோ தெரிந்தால் நம் தொழிற்சாலையில் தேட வேண்டும். குறுக்கே சுற்றிக் கிழிந்திருந்தால் எனக்கு இன்றும் மனசு பதறும். துண்டு நோயாளியின் உடலிலேயே தங்கியிருக்கலாம், அதனால் திரும்பி வந்ததை அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நேர்மை பற்றிக் கேட்டீர்கள். 'டாக்டர் அளவுக்கு மீறி ஊதிவிட்டார்' என்று முடிப்பது சுலபம். எத்தனை அட்மாஸ்பியர் அழுத்தம் வரை ஏற்றினார்கள் என்று மருத்துவமனை சொல்லாமல் நான் அப்படி எழுத மாட்டேன். 'காரணம் கண்டறிய முடியவில்லை' என்றுதான் எழுதுவேன். மேலே இருப்பவருக்குப் பிடிக்காமல் போன நாளும் உண்டு, ஆனால் அறிக்கை மாறவில்லை. சேருமுன் கேளுங்கள்: அறிக்கையில் கடைசிக் கையெழுத்து தரப் பிரிவினுடையதா, உற்பத்திப் பிரிவினுடையதா? உற்பத்தி என்றால் யோசியுங்கள்.

கேத்லேப்_ராஜன்:
இந்தக் கதீட்டர்களைப் பயன்படுத்தும் மருத்துவமனைப் பிரிவான கேத்லேபில் இருக்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிப்படி கதீட்டர் சிவப்புப் பைக்குப் போக வேண்டும். கேஸ் முடிந்ததும் போட்டுவிடுவோம். சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து கேட்டால் எங்கே போய்த் தேடுவது? திருப்பி அனுப்பும் பெட்டியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

அருண்_பயோமெட்:
அக்கா, பொருளே வராவிட்டால் புகாரை மூடிவிடுவீர்களா?

செல்வி:
அப்படி மூட முடியாது தம்பி. அந்த லாட்டின் தயாரிப்புப் பதிவேடு, எடுத்து வைத்த மாதிரிகள், அதே லாட்டில் வந்த வேறு புகார்கள் எல்லாவற்றையும் பார்ப்போம். அமெரிக்காவில் விற்கும் பொருளால் உயிரிழப்போ கடுமையான பாதிப்போ நேர்ந்திருக்கலாம் என்று தெரிந்தால், 30 நாளுக்குள் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குச் சொல்லியாக வேண்டும். நம் விற்பனை ஆள் காதில் விழுந்த நாளே முதல் நாள், பார்சல் வரும் நாள் அல்ல. ராஜன் அண்ணா சொன்ன பெட்டி விஷயத்தை எங்கள் மீட்டிங்கில் வைக்கிறேன்.