கருங்களி மனை: மணல் நிரப்பி ஃபுட்டிங் போட்டால் போதுமா?

வேளச்சேரி மனைக்காரர்:
30க்கு 40 மனை, கீழும் மேலும் ஒரு வீடு. மண் சோதனையில் 2.5 மீட்டர் வரை கருங்களி, வீக்கக் குறியீடு 90 சதவீதம், அதற்குக் கீழே இறுகிய மணற்களி. அண்டர்ரீம் பைல் (துளையிட்டு வார்க்கும், அடிப்பக்கம் குமிழாக விரிந்த கான்கிரீட் தூண்) போடச் சொல்கிறது அறிக்கை. மேஸ்திரியோ அஞ்சடி தோண்டி, ரெண்டடி மணல் கொட்டி ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் அகலமான கான்கிரீட் அடித்தளம்) போட்டால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?

பைல் பித்தன்:
அறிக்கையைக் கேளுங்க சார். 10 கிராம் மண் மண்ணெண்ணெயில் 10 மில்லி இடம் பிடித்தால், தண்ணீரில் 19 மில்லி பிடிக்கிறது. அதுதான் அந்த 90. அஞ்சடி என்பது 1.5 மீட்டர், ஐப்பசி மழைக்கு வீங்கி சித்திரை வெயிலுக்குச் சுருங்கும் களிக்குள்ளேயே நிற்கும். மணல் கொட்டினால் இன்னும் மோசம்: மழைத்தண்ணீர் மணலில் இறங்கித் தொட்டி மாதிரி தேங்கி, சுற்றியுள்ள களிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2911 பகுதி 3-இன்படி குமிழ் விட்டம் பொதுவாக பைல் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. 30 செ.மீ. தண்டுக்கு 75 செ.மீ. குமிழ். ஆழம் குறைந்தது 3.5 மீட்டர், குமிழ் அந்த மணற்களிக்குள் இருக்கணும். எத்தனை பைல், ஒற்றைக் குமிழா இரட்டையா என்பதை பில்லர் சுமை பார்த்து இன்ஜினியர் சொல்லட்டும். வெயில் காலத்தில் துளையிட்டு அன்றைக்கே கான்கிரீட். ஒரு ராத்திரி விட்டால் குமிழின் கூரை சரியும், அது மேலிருந்து தெரியாது.

கிரேடு பீம்:
பைலைச் சரியாகப் போட்டுவிட்டு பீமில் கோட்டை விடுவார்கள். பைல்களின் தலையை இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கு அடியில் 80 மி.மீ. காலி இடம் வேண்டும். அதில் மண் தள்ளிவிட்டால் களி வீங்கி பீமையே தூக்கும். பக்கவாட்டில் மண் சரியாமல் செங்கல் வரிசை கொடுங்க, பீமைத் தொடாமல்.

வேளச்சேரி மனைக்காரர்:
நன்றி. உள்தரைக்கு? வடகிழக்கில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) வேறு, பீமிலிருந்து 2 அடிதான்.

கிரேடு பீம்:
தோண்டிய களியை பேஸ்மெண்டுக்குள் திருப்பிக் கொட்ட விடாதீங்க; லாரி வாடகை மிச்சம் என்று கொட்டத்தான் பார்ப்பார்கள். ஒரு மீட்டர் வரை களியை எடுத்துவிட்டு, வீங்காத கிராவல் மண்ணை 20 செ.மீ. அடுக்காகத் திமிசு போடுங்க. தரை ஸ்லாப் பீமோடு ஒட்டக்கூடாது.

சம்ப் கசிந்தால் அந்த மூலை மட்டும் எழும்பும். தள்ளி வைக்க இடம் இல்லையென்றால் ஆர்.சி.சி. சம்ப்தான், செங்கல் வேண்டாம். நிரப்பி மட்டம் குறித்து 7 நாள் பாருங்க. வெளிச்சுவரில் ஈரம் தெரியாவிட்டால் மட்டும் சுற்றி மண் தள்ளுங்க.