கிராண்ட்-கோர்ஸ் பண்ணையில் முன்னோடி என்று யாரைச் சொல்வது?

கேள்வி:
அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், டியர் லாட்ஜ் ஊரை ஒட்டியுள்ள கிராண்ட்-கோர்ஸ் மாட்டுப் பண்ணையைக் கடந்த கோடையில் குடும்பத்தோடு பார்த்தோம். 1972-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில் பெரிய வீடும் தொழுவங்களும் கூலி மாடோட்டிகள் தங்கிய விடுதியும் அப்படியே பேணப்படுகின்றன. ஆனால் திரும்பி வந்தபின் என் மனத்தில் நிற்பது கோர்ஸ் குடும்பத்தின் செல்வம் மட்டுமே. முன்னோடிகளின் மரபு என்று அங்கே சொல்லப்படுவது உண்மையில் எதை?

மறுமொழி 1:
ஐயா, கோர்ஸுக்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். ஓரிகான் பாதையில் மேற்கே சென்ற குடியேறிகளின் மாடுகள் நெடுவழி நடையில் குளம்பு தேய்ந்து மெலிந்துவிடும். ஜானி கிராண்ட் என்ற வணிகர் அத்தகைய இரண்டு மாடுகளை வாங்கிக்கொண்டு தேறிய மாடு ஒன்றைக் கொடுப்பார். வாங்கியவற்றைப் பள்ளத்தாக்குப் புல்லில் மேயவிட்டுத் தேற்றி, மீண்டும் அதே முறையில் மாற்றுவார். அவருடைய மந்தை இப்படித்தான் பெருகியது. 1862-இல் அவர் கட்டிய வீடே நீங்கள் பார்த்த பெரிய வீட்டின் மூலப்பகுதி. அவருடைய மனைவி குவாரா, ஷோஷோனி என்ற அமெரிக்கப் பழங்குடி இனப் பெண். அந்த மண்ணில் கிராண்டுக்குக் கிடைத்த இடத்தில் குவாராவின் உறவுமுறைக்கும் பங்குண்டு என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பெண்ணைக் குறிப்பிடாமல் முன்னோடிகளைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். 1866-இல் அந்தப் பண்ணையை வாங்கிய கான்ராட் கோர்ஸும் இன்றைய ஜெர்மனியிலுள்ள ஹோல்ஸ்டைன் பகுதியிலிருந்து வந்து, தங்கச் சுரங்க முகாம்களில் இறைச்சி விற்றுத் தொழிலைத் தொடங்கியவர்தான். எனினும் நான் மதிப்பது, 1886-87 குளிர்காலத்துக்குப் பின் அங்கே நிகழ்ந்த மாற்றத்தை. முந்தைய கோடையின் வறட்சியில் புல் குறைந்திருக்க, பனி உருகி மறுபடியும் உறைந்து பாறைபோல் இறுகியதால், அடியிலிருந்த புல்லை எட்ட முடியாமல் வடக்குச் சமவெளி எங்கும் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வேலியின்றித் திறந்தவெளியில் மேய விட்டுவிடும் பழக்கம் அதன்பின் தேய்ந்தது. வேலியும், குளிர்காலத்துக்கெனப் புல்லை அறுத்து உலர்த்திச் சேர்ப்பதும் பண்ணை வாழ்க்கையாயின. இன்றும் அங்கே மாடுகள் வளர்க்கப்படுகின்றன, புல் அறுக்கப்படுகிறது. அந்த வேலை தொடர்வதால்தான் கட்டடங்களுக்குப் பொருள் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்த வேலையைச் செய்த கூலி மாடோட்டிகளின் விடுதியை இரண்டு நிமிடங்களில் கடந்து வந்ததற்கு வருந்துகிறேன். அடுத்த முறை புல் அறுக்கும் நாளில் சென்று அங்கிருந்தே தொடங்குவேன்.