மதீனாவில் படித்த கதை: ஒரு புதுப்பிப்பு

மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு மேல்விஷாரத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதி செலவைப் பற்றித்தான். அந்தப் பல்கலைக்கழகம் 1961-ல் தொடங்கியது. இடம் கிடைத்துவிட்டால் கட்டணம் கிடையாது, தங்குமிடமும் மாத உதவித்தொகையும் உண்டு, அரபி போதாதவர்களை முதலில் மொழிப் பிரிவில் உட்கார வைப்பார்கள். வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதிவிட்டுப் போன எனக்கு அரபி இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் கடைக்காரர் பேசும் அரபி சுத்தமாகப் பிடிபடவில்லை.

சரி, அப்புறம் ரமலான் நோன்பு. அஸர் என்கிற மாலைத் தொழுகை முடிந்ததுமே நபிகளின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியில், நோன்பு திறப்பதற்காக நீள நீளமாக பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுவிடுவார்கள். பேரீச்சம்பழம், ரொட்டி, தயிர், மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர். தயிரில் துக்கா என்கிற மசாலாப் பொடியைத் தூவி ரொட்டியைக் கிள்ளித் தோய்த்துச் சாப்பிட வேண்டும், அபாரம். எங்கள் விரிப்புக்கு வாருங்கள் என்று சின்னப் பையன்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆனாலும் கஞ்சி இல்லாமல் என்ன நோன்பு? ஊர்ப் பையன்கள் சேர்ந்து அறையிலேயே காய்ச்சினோம், பக்கத்து அறை நைஜீரியாக்காரர் இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

கடைசியாக, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் இணையத்தில்தான். இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.