புதுப்பிப்பு: 4294967297 – பகா எண் சோதனையில் ஏன் தப்பிக்கிறது?

முந்தைய பதிவில் 4294967297 = 2³²+1 = 641 × 6700417, எனவே இது பகா எண் அல்ல என்பதோடு விட்டிருந்தேன். "என் நிரல் இதைப் பகா எண் என்கிறதே" என்ற கேள்விக்கு இப்போது விடை.

ஃபெர்மா சோதனை இதுதான்: n-ஐ விடச் சிறிய ஓர் எண்ணை (அடிமானம்) n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுக்க வேண்டும்; n பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வரும். அடிமானம் 2 வைத்துச் சோதித்தால் அப்படித்தான் வரும். இந்த எண்ணால் வகுக்க 2³² இன் மீதி −1. எனவே 2⁶⁴ இன் மீதி 1. இங்கே n−1 = 2³², அது 64-இன் மடங்கு; ஆகவே 2-இன் அடுக்கு n−1 ஆகும்போதும் மீதி 1. ஃபெர்மா சோதனை மட்டுமல்ல, அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் அடிமானம் 2-இல் ஏமாறும்; இது வலுவான போலிப் பகா எண் (அந்தச் சோதனையிலும் பகா எண்போலத் தப்பிக்கும் பகு எண்). அடிமானத்தை 3 ஆக்குங்கள்: 3-இன் அடுக்கு 2³¹ ஆகும்போது மீதி 10324303. பகா எண்ணாக இருந்தால் −1 வந்திருக்க வேண்டும்.

குறியில்லா 64 பிட்டில் (2⁶⁴-க்குக் குறைந்த எண்களே அடங்கும்) கணக்கிடுவோர் கவனிக்க: மீதி 2³² ஆக இருக்கும்போது அதன் வர்க்கம் 2⁶⁴, அது வழிந்து 0 ஆகிவிடும். அப்போது ஃபெர்மா சோதனை அடிமானம் 2-இலும் "பகு எண்" என்று காட்டும். விடை சரி, காரணம் தப்பு! 128 பிட் பெருக்கல் பயன்படுத்துங்கள்.

இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது. இந்த எண் இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக வரும்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணுக்கு இது நடக்காது. இதிலிருந்தே காரணிகளும் கிடைக்கும்: 65536−62264 = 3272, 20449−1 = 20448; இவற்றின் மீ.பொ.வ 8. கூட்டல்கள் 127800, 20450, மீ.பொ.வ 50. பாதிகள் 4, 25. 4² + 25² = 641.

மற்ற வகைப்பாடு: வகுத்திகள் நான்கே, தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 6701059. நிறைவு எண்ணுக்கு (இந்தக் கூடுதல் தனக்கே சமமாக வரும் எண்) பக்கத்தில்கூட இல்லை.