வௌவால் தங்குமிடங்களை வரைபடத்தில் துல்லியமாகக் காட்டலாமா?

நெல்லைச்சாரல்: கட்டாயம் காட்ட வேண்டும். எந்தக் குகை, எந்த மரம், எந்தக் கோயில் என்று புள்ளி வைத்தே காட்ட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பழைய கோயிலில் திருப்பணி நடந்தது. இருட்டுப் பிராகாரத்தில் பூச்சி தின்னும் வௌவால்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். புகை போட்டு விரட்டி, வாசலுக்கு வலை அடித்துவிட்டார்கள். அங்கே இருந்தது எந்த இனம் என்று ஒரு ஏட்டிலும் இல்லை. பதிவே இல்லாததைக் காப்பாற்றுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

மேகமலையான்: 2018-ல் கோழிக்கோட்டில் நிபா, 2020-ல் கொரோனா. இரண்டு முறையும் வௌவால் என்றாலே சனங்கள் பயந்தார்கள். அப்போது கைப்பேசியில் இந்த வரைபடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே 2022 திருத்தம் வரைக்கும் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு, கொன்றாலும் குற்றமில்லாத தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. பொதுவில் புள்ளிக்குப் பதில் பத்து கிலோமீட்டர்க் கட்டம் போதும். சரியான இடம் வனத்துறையிடமும் ஆய்வாளர்களிடமும் இருக்கட்டும்.

நெல்லைச்சாரல்: யாரிடமிருந்து மறைக்கிறோம் ஐயா? பாறை உடைப்பவருக்குக் குகை எங்கே என்று நன்றாகத் தெரியும். தடுக்க வேண்டியவருக்குத்தான் தெரியாது. கோலார் இலைமூக்கு வௌவாலைப் பாருங்கள். கர்நாடகத்து ஹனுமனஹள்ளிக் குகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இப்போது இருப்பதாகத் தெரியவில்லை, அதுவும் இருநூறுக்குள்தான். பக்கத்துத் தேரஹள்ளியில் இருந்தவை போயே போய்விட்டன. இடம் ஊர்ப்பெயரோடு வெளியே தெரிந்ததால்தான் கிரானைட் குவாரிக்கு எதிராகப் பேச ஆள் வந்தது.

கல்லாலமரம்: புள்ளி இல்லாத இடத்தைப் பற்றி இருவருமே பேசவில்லையே. சலீம் அலி பழந்தின்னி வௌவாலை மேகமலையில் 1948-லேயே தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான அங்கஸ் ஹட்டன் பிடித்தார். குறுமூக்குப் பழந்தின்னி என்று சீட்டு ஒட்டிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்த பிறகுதான் அது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று தெரிந்தது. இன்று அது அழியும் நிலையில் உள்ள இனம். பதிவில் இல்லாதது வேறு, அங்கே இல்லாதது வேறு. தேடிப்பார்த்து இல்லாத கட்டத்துக்கு ஒரு நிறம், யாரும் தேடவே போகாத கட்டத்துக்கு வேறு நிறம் கொடுங்கள். இல்லையென்றால் வெற்றுக் கட்டத்தைக் காட்டியே குவாரிக்கு அனுமதி வாங்கிவிடுவார்கள்.

மேகமலையான்: நிறம் பிரிப்பது மிகச் சரி. சாலையோர ஆலமரத்தையும் காட்டுங்கள், ஊருக்கே தெரிந்ததுதான். குகை மட்டும் வேண்டாம். குட்டி ஈனும் காலத்தில் படம் எடுக்க விளக்கோடு உள்ளே போனால் தாய்கள் மிரண்டு பறக்கும், குட்டிகள் கீழே விழும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான், நினைவிருக்கட்டும்.

நெல்லைச்சாரல்: குகையை விட்டுக்கொடுக்கிறேன். கோயிலை விடமாட்டேன். திருப்பணிக்குக் கையெழுத்துப் போடுகிறவர் மேசையில் இந்தப் பட்டியல் இருக்க வேண்டும்.