பொன்னியின் செல்வனில் ‘பார்’: தேட உதவி வேண்டும்

நண்பர்களே, 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகங்களிலும் ‘பார்’ என்ற வினை எங்கெல்லாம் வருகிறது என்று தொகுக்கிறேன். கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் நள்ளிரவுச் சதியாலோசனையை மறைந்திருந்து பார்ப்பது போன்ற இடங்களே என் குறி. ஒற்றர் கதையில் பார்வைக்கா பஞ்சம்!

சிக்கல் தேடலில்தான். ‘பார்த்’ என்று தேடினால் பார்த்திபேந்திரன் படையோடு வந்து நிற்கிறான். அதே பொருளுள்ள ‘கண்ட’ என்று தேடினால் கண்டராதித்தர். ‘பார்’ என்று சுருக்கினாலோ ‘பாராமல்’ நழுவிவிடுகிறது. பெயர்களை விலக்கி, ‘உற்றுப் பார்த்தான்’, ‘திரும்பிப் பார்த்தாள்’ என வினை வடிவங்களை மட்டும் பிரித்தெடுக்கும் தமிழ் மென்பொருள் ஏதேனும் உண்டா? பயன்படுத்தியவர்கள் வழிமுறையைச் சொல்லுங்கள். நாவலுக்குச் சொல்லடைவு (ஒவ்வொரு சொல்லும் வரும் இடங்களின் பட்டியல்) ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது.